ஐந்தாம் எண் போல்ட்

ஆகஸ்ட் 2

அண்ணாவுக்கு,

நலம் விசாரித்தே முதல் பக்கத்தை நிரப்ப எனக்கு வராது. அண்ணிக்குக் கால்வலி பரவாயில்லை என்று என் மகள் சொன்னாள். நீ எப்போதும் போல் இருப்பாய் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

விஷயம் இதுதான். உன் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் சிவப்பியை விற்கப் போகிறேன். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை வாங்கும் ஒருவர் ஆகஸ்ட் 30 காலை இழுவை வண்டியோடு வருவார். ஓடாத வண்டி என்று சொல்லித்தான் பேசியிருக்கிறேன். உதிரி பாகங்களுக்காகப் பிரித்து எடுத்துக்கொள்வார். சாவியைக் கொடு. பானட்டைத் திறந்து காட்டு. அவர் நீட்டுகிற தாளில் கையெழுத்துப் போடு. உன் வேலை அவ்வளவுதான்.

பதினோரு வருடம் இடத்தை அடைத்ததற்கு அண்ணியிடம் என் சார்பில் வருத்தம் சொல்லிவிடு. உனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. வண்டி ஏன் நின்றது என்று உனக்கே தெரியும்.

போன் செய்யாதே. போனில் நீ மூச்சு விடுவது மட்டும்தான் கேட்கும்.

உன் தங்கை


ஆகஸ்ட் 5

அன்புள்ள தங்கைக்கு,

இது மூன்றாவது படி. முதல் இரண்டையும் கிழித்துவிட்டேன். இதிலும் பிழை இருக்கலாம். இருந்தாலும் அனுப்பிவிடுகிறேன், இல்லாவிட்டால் 30ஆம் தேதி வந்துவிடும்.

உன்னிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்து வந்திருக்கிறேன். நீ ஊரைவிட்டுப் போன பிறகு, ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் சிவப்பியின் நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சில சொட்டு எண்ணெய் விட்டு, முன்பக்கம் ஸ்பேனர் போட்டு இஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றி வைப்பேன். உன் பட்டறையில் நீ யாரிடமோ இப்படிச் சொல்லிக்கொண்டிருந்ததை முன்பு காதில் வாங்கியிருந்தேன். நூற்றுமுப்பத்திரண்டு மாதங்களில் இரண்டு மாதம் தவறிவிட்டது. கண் அறுவை சிகிச்சையின்போது குனியக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எல்லாம் நோட்டில் இருக்கிறது. நான் செய்தது சரிதானா என்று இன்றுவரை தெரியாது. ஆனால் இஞ்சின் சுற்றுகிறது. இறுகவில்லை.

ஆகவே கெட்டுப்போனது வாட்டர் பம்பு மட்டும்தான். அன்று பார்த்த மெக்கானிக்கும் அதைத்தான் சொன்னார்.

அந்த நாளைப் பற்றி எழுதக்கூடாது என்றுதான் முதல் இரண்டு படிகளையும் கிழித்தேன். ஆனால் எழுதாமல் கேட்கவும் முடியவில்லை. மலையேற்றக் கார் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது, உன் இடது கையில் கட்டு, ஓட்ட வேறு ஆள் இல்லை. பக்கத்தில் நீ உட்கார்ந்து வளைவுகளைச் சொல்லச் சொல்ல நான் ஓட்டினேன். பதினான்கு வளைவுகளில் எட்டாவதில் ஆவி அடித்து வண்டி நின்றது. ரேடியேட்டரில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சூட்டைக் காட்டும் ஊசியை நான் பார்க்கவில்லை என்றாய். பார்த்தேன் என்றுதான் எனக்கு நினைவு. அது ஏறவில்லை என்றும் நினைவு. ஆனால் கார் தெரிந்த நீ ஒன்று சொல்லும்போது கார் தெரியாத நான் வேறு சொல்வது முறையல்ல. பார்த்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறேன் போலும்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. என் கையில் நின்ற வண்டியை ஓடுகிற வண்டியாக ஒப்படைக்க விடு. புதுப் பம்பு வாங்கிவிட்டேன். உதிரி பாகக் கடைக்காரர் மூன்று வாரம் தேடி வரவழைத்தார். உன் கடிதம் வருவதற்கு முன்பே சொல்லி வைத்திருந்தேன் என்பதையும் இத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

“யாரு சார் மாத்தப் போறா?” என்று கேட்டார்.

“நான்தான்.”

கண்ணாடியை இறக்கிவிட்டு மேலும் கீழும் பார்த்தார். “கூட யாராச்சும் இருப்பாங்கல்ல?”

“புத்தகம் இருக்கு” என்றேன்.

அவர் பம்பை இரண்டு அட்டைப்பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
அண்ணன்


ஆகஸ்ட் 8

அண்ணா,

நூற்றுமுப்பது தடவையா? உன்னை என்ன செய்வது என்றே தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் உனக்கு அடிஸ்கேல் என்று பெயர் வைத்தவன் எங்கிருந்தாலும் வாழ்க.

சரி, செய். எப்படியும் 30ஆம் தேதி போகப் போகிற வண்டி. ஆனால் நான் சொல்கிறபடி செய்.

பேட்டரி ஒயரை முதலில் கழற்று. ரேடியேட்டரை வெளியே எடுத்துவிடு. எடுக்காமல் சந்துக்குள் கையை விட்டுச் செய்யலாம் என்று எவனாவது சொன்னால் நம்பாதே, உன் விரல் மூட்டெல்லாம் உரிந்துவிடும். இஞ்சினைக் குளிர்விக்கும் பழைய கூலண்ட் திரவம் கொஞ்சம் உள்ளே தங்கியிருக்கும், அகலமான பாத்திரத்தில் பிடித்து உடனே மூடு. அது இனிக்கும். பூனை நக்கினால் செத்துவிடும். பம்பு ஒட்டிக்கொண்டு வராவிட்டால் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பாதே, மரச்சுத்தியால் பக்கவாட்டில் தட்டு. பம்புக்கும் இஞ்சினுக்கும் நடுவில் ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கெட் தாளைச் சுரண்டும்போது துளைகளில் துணியை அடைத்துக்கொள். துணியைத் திரும்ப எடுக்க மறக்காதே. உன்னிடம் இதைச் சொல்லத் தேவையில்லை, அடைத்த துணிக்கெல்லாம் நீ பட்டியல் வைத்திருப்பாய்.

சந்தேகம் வந்தால் வண்டியின் புத்தகத்தைப் பார். உன் மூளையைக் கேட்காதே. அது உனக்கு எப்போதும் “நீதான் தப்பு” என்றுதான் சொல்லும்.

அவசரப்படாதே என்று உலகத்தில் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், உனக்கு எழுத வேண்டியதில்லை. கொஞ்சம் அவசரப்படு. 30ஆம் தேதி.

தங்கை


ஆகஸ்ட் 14

அன்புள்ள தங்கைக்கு,

பழைய பம்பு வெளியே வந்துவிட்டது. இதை எழுதும்போது அது என் மேசை மேல், செய்தித்தாளின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

நான் கொஞ்சம் பெருமையாக எழுதினால் பொறுத்துக்கொள். முதல் நாள் பேட்டரி, ஹோஸ்கள், ரேடியேட்டர். இரண்டாம் நாள் ஃபேன், பெல்ட், கப்பி. கீழ் ஹோஸ் மட்டும் அசையவே இல்லை. ஒரு மணி நேரம் அதன் முன் நின்று யோசித்தேன். பிறகு எப்படியும் புது ஹோஸ்தானே போடப் போகிறோம் என்று கத்தியை எடுத்து நீளவாக்கில் கீறிவிட்டேன். நான் அப்படிச் செய்வேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை. உன் அண்ணி கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பல்பு மாத்தவே மூணு நாள் யோசிக்கிற மனுஷன். இப்ப காரையே அறுக்கிறீங்க?”

“அறுக்கல. கீறினேன்.”

“என்னமோ. கையைக் கழுவாம சோத்துல கை வெச்சீங்க, அப்புறம் நான் கீறுவேன்.”

கூலண்டைப் பிடித்தது அவளுடைய பெரிய அண்டாவில். அது அவளுக்கு இன்னும் தெரியாது. நன்றாக மூடி வைத்திருக்கிறேன்.

போல்ட்டுகளுக்கு ஒரு வழி செய்தேன். பம்பைப் பிடித்திருப்பவை ஏழு. எல்லாம் ஒரே நீளம் இல்லை. மாறிப் போகக்கூடாது என்று கெட்டியான அட்டையில் பம்பின் உருவத்தை வரைந்து, ஏழு துளைகளுக்கும் எண் போட்டு, ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றக் கழற்ற அதன் இடத்தில் அட்டையில் குத்தி வைத்தேன். நாற்பது வருடம் நில வரைபடம் வரைந்த கைக்கு இது ஒன்றுதான் பழகிய வேலை. கழற்றும்போதே அளந்து எழுதியும் வைத்தேன்: ஒன்று, மூன்று, ஆறு நீளம், இரண்டு, நான்கு, ஐந்து, ஏழு குட்டை. ஆக நீளம் மூன்று, குட்டை நான்கு.

பம்பின் அச்சு ஆடுகிறது. விரலால் சுற்றினால் மணல் அரைபடுகிற ஓசை. உள்ளே இறக்கைகள் துருவேறியிருக்கின்றன. இஞ்சின் பக்கத்தில் ஐந்தாம் எண் துளைக்குக் கீழே மட்டும், காய்ந்த வெள்ளைத் தடம் ஒன்று அடிவரை ஓடியிருக்கிறது. மற்ற துளைகளுக்குக் கீழே அப்படி இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை; பார்த்ததை எழுதுகிறேன்.

நாளை கேஸ்கெட்டைச் சுரண்டுகிறேன். துணிகள் மூன்று அடைத்திருக்கிறேன். ஆம், எழுதி வைத்திருக்கிறேன்.

அண்ணன்


ஆகஸ்ட் 17

அண்ணா,

கடிதம் கிடைத்தது. போல்ட் கணக்கெல்லாம் எனக்கு எழுத வேண்டாம்.

யோசித்துப் பார்த்தேன். இவ்வளவு பாடு எதற்கு? வாங்குகிறவர் எப்படியும் பிரிக்கத்தான் போகிறார். கழற்றினது கழற்றினதாக இருக்கட்டும். பம்பை ஒரு பையில் போட்டு வண்டிக்குள் வைத்துவிடு. வயதான காலத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டால் அண்ணிதான் அவஸ்தைப்பட வேண்டும்.

தங்கை


ஆகஸ்ட் 21

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் வருவதற்குள் நான் பம்பைப் பூட்டிவிட்டேன். நிறுத்தச் சொன்ன பிறகும் நிறுத்தவில்லை என்று எண்ணிவிடாதே. ஆனால் உண்மையைச் சொன்னால், முன்பே வந்திருந்தாலும் நிறுத்தியிருப்பேனா என்று தெரியவில்லை. என்னைப் பற்றி நான் இப்படி எழுதுவது இதுதான் முதல் தடவை.

இப்போது இரண்டு தவறுகளை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. முதலாவது வெட்கக்கேடு. இரண்டாவது உனக்கு நஷ்டம்.

முதலாவது. புது கேஸ்கெட், புதுப் பம்பு, புது ஹோஸ்கள், எல்லாம் போட்டு, போல்ட்டுகளை எதிரெதிராக மூன்று சுற்றில், புத்தகம் சொன்ன முறுக்கு அளவுக்கு இறுக்கினேன். சோதிப்பதற்காக இஞ்சினை ஓட்டாமல் வெறும் தண்ணீர் ஊற்றினேன். கீழே தாள் விரித்து, கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். நாற்பது விநாடிக்கு ஒரு சொட்டு.

கழற்றுவதைத் தவிர வழியில்லை. கழற்றிவிட்டு அட்டையைப் பார்த்துக்கொண்டே ஒரு காபி நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் விளங்கியது. போல்ட்டுகளின் திருகு மரையை பிரஷ் போட்டுத் தேய்ப்பதற்காக அட்டையைத் திருப்பி வைத்திருந்தேன். பின்பக்கத்தில் எண்கள் இல்லையே, ஒழுங்காக இல்லையே என்று, அந்தப் பக்கமும் இடமிருந்து வலமாக ஒன்றிலிருந்து ஏழு வரை அழகாக எழுதியிருக்கிறேன். பிறகு அதைப் பார்த்தே பூட்டியிருக்கிறேன். இடது வலதாகிவிட்டது, வலது இடதாகிவிட்டது. நீளமான ஒன்று குட்டைத் துளைக்குள் போய் அடியில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. ஸ்பேனர் இறுகிவிட்டது என்று சொன்னது, பம்பு இறுகவில்லை. அட்டையே இல்லாமல் சட்டைப் பையில் போட்டிருந்தால்கூட இவ்வளவு துல்லியமாகத் தவறு செய்திருக்க முடியாது. நாற்பது வருடம் வரைபடம் வரைந்தவன்! உன் அண்ணியிடம் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

“நல்லவேளை, நீங்க வரைஞ்ச மேப்பை நம்பி நான் எங்கயும் போகல” என்றாள்.

கேஸ்கெட் வீணாகிவிட்டது. கடையில் வேறு இல்லை. தாள் வாங்கி வந்து நானே வரைந்து வெட்டினேன். அது நன்றாக வந்தது. கடைக்காரரிடம் காட்டினேன். கம்பெனி கேஸ்கெட்டை விட விளிம்பு சுத்தமாக இருக்கிறது என்றார். இன்னும் இரண்டு வெட்டித் தரச் சொன்னார்.

இனி இரண்டாவது தவறு. எல்லாம் அதனதன் இடத்தில் போட்ட பிறகும் ஐந்தாம் எண்ணில் மூன்று நிமிடத்துக்கு ஒரு சொட்டு நிற்கவில்லை. அந்த போல்ட் இரண்டு சுற்று மட்டும்தான் பிடிக்கிறது; குச்சியை விட்டுப் பார்த்தேன், துளை ஆழமாகப் போகிறது. புத்தகத்தைப் பார்த்தேன். நீளம் நான்கு, குட்டை மூன்று என்று போட்டிருக்கிறது. ஐந்தாம் எண் நீளம்.

என் நோட்டில் ஐந்தாம் எண் குட்டை என்று என் கையெழுத்தில்தான் இருக்கிறது. கழற்றின கையோடு அளந்து எழுதியது. ஆனால் புத்தகம் தவறாக இருக்காது. ஆகவே நான் தவறாக எழுதியிருக்கிறேன். அட்டையைத் திருப்பியபோது அந்த நீள போல்ட் கழன்று விழுந்திருக்க வேண்டும். பக்கத்தில் இருந்த பழைய போல்ட் டப்பாவிலிருந்து குட்டையான ஒன்றை எடுத்துச் செருகியிருக்க வேண்டும். செருகியது எனக்கு ஞாபகம் இல்லை. ஊசியைப் பார்த்ததாகவும் அப்படித்தானே எனக்கு ஞாபகம் இருந்தது! என் ஞாபகத்தை நம்பி இனி யாரும் ஒன்றும் செய்யக்கூடாது.

நான்கு நாட்களாகத் தேடுகிறேன். கொட்டகையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் பெருக்கி, குப்பையைச் சலித்துப் பார்த்துவிட்டேன். நூலில் காந்தத்தைக் கட்டிச் சாக்கடைத் துளைக்குள் விட்டேன். இரண்டு ஆணி, ஒரு கரண்டிக் காம்பு. போல்ட் இல்லை. கடைக்காரர் தன் பெட்டிகளையெல்லாம் கவிழ்த்துப் பார்த்தார்.

“இந்த மரை இப்ப வர்றதே இல்ல சார். கடைசல் பட்டறையில குடுத்தா ரெண்டு வாரம் ஆகும்.”

இரண்டு வாரம் நம்மிடம் இல்லை. உன் பழைய சாமான்களில் அப்படி ஒன்று கிடந்தால் அனுப்புவாயா? இல்லாவிட்டால் 30ஆம் தேதி அவர் வரும்போது வண்டி நின்றபடியேதான் நிற்கும். இரண்டாவது முறையாக, என்னால்.

மன்னித்துக்கொள்.

அண்ணன்


ஆகஸ்ட் 24

அண்ணா,

இத்துடன் ஒரு துணிப் பொட்டலம் இருக்கும். முதலில் அதைப் பிரி. பிரித்துவிட்டுப் படி.

பிரித்தாயா? அளந்து பார்த்திருப்பாய். அதுதான் ஐந்தாம் எண்.

நீ தொலைக்கவில்லை. தேடுவதை நிறுத்து. அது உன் கொட்டகையில் பதினோரு வருடமாக இல்லை. என்னிடம்தான் இருந்தது.

பந்தயத்தன்று விடியற்காலை பம்பில் லேசாகக் கசிவு தெரிந்தது. உங்களை எழுப்பாமல் நானே கழற்றி கேஸ்கெட் மாற்றினேன். ஒரு கைதான் வேலை செய்தது. போல்ட்டுகளை கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். உன்னை மாதிரி அட்டையில் குத்தத் தெரிந்தவளா நான்? பூட்டும்போது நீள போல்ட் ஒன்று குறைந்தது. தரையெல்லாம் தடவினேன். நேரமாகிவிட்டது. டப்பாவிலிருந்து குட்டையான ஒன்றை எடுத்துப் போட்டு, பந்தயம் முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இரண்டு சுற்றுதான் பிடித்தது. எனக்குத் தெரியும். தெரிந்தேதான் உன்னை ஓட்ட வைத்தேன்.

அது மலையில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்திருக்கிறது. நீ பார்த்த வெள்ளைத் தடம் அதுதான். தண்ணீர் அவ்வளவும் அந்த வழியாகப் போனது.

ஊசியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அந்த மீட்டருக்குச் சூடு தெரியும். தண்ணீரே இல்லாவிட்டால் இஞ்சின் எரிந்தாலும் ஊசி சும்மா நிற்கும். இது எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? ஆனால் ஆவி அடித்த அந்த நிமிடம் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆட்கள் சுற்றி நின்றார்கள். எட்டாவது வளைவு வரை நம் நேரம்தான் முதல் நேரம் என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் உன்னைக் கேட்டேன்: “கண்ணு எதுக்கு வெச்சிருக்க? வரைபடத்துல மலையைப் போடத் தெரியும், ஏறத் தெரியாது.” நீ சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றாய்.

அன்று சாயங்காலம் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டியபோது ‘டக்’ என்று சுவரில் பட்டது. பைக்குள் ஓட்டை. போல்ட் உள்துணிக்குள் விழுந்து கிடந்தது. பிளேடால் கிழித்து எடுத்தேன். பக்கத்து அறையில் நீ இருந்தாய். பத்தடி தூரம். எழுந்து வந்து சொல்லியிருக்கலாம்.

மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் நீயே வந்து, “நான்தான் சரியாப் பார்க்கலை போல, மன்னிச்சிரு” என்றாய். அதற்குப் பிறகு எனக்கு வாய் வரவில்லை. கோபக்காரி மாதிரி ஊரைவிட்டுப் போவது சுலபமாக இருந்தது. நீ அப்புறம் எந்த வண்டியிலும் ஸ்டியரிங்கைத் தொடவில்லை என்று அண்ணி என் மகளிடம் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டும் சும்மா இருந்தேன். வண்டியை விற்றுவிட்டால் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அப்போதுதான் நீ “நீளம் மூன்று, குட்டை நான்கு” என்று எழுதினாய். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதனால்தான் நிறுத்தச் சொன்னேன்.

நீ போல்ட்டைத் தொலைத்ததாக மன்னிப்புக் கேட்டு எழுதியதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஒரே குற்றத்துக்கு உன்னிடம் இரண்டு தடவை மன்னிப்பு வாங்க நான் அவ்வளவு மோசமானவள் இல்லை.

உன் நோட்டு சரி. புத்தகமும் சரி. நான்தான் தப்பு. ஆவி அடித்ததும் நீ நிறுத்தியதால்தான் இஞ்சின் பிழைத்தது. நானாக இருந்தால் மேலே போய்த்தான் நிறுத்தியிருப்பேன். இன்னொன்று, அன்று நீ என்னை விட நன்றாக ஓட்டினாய். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

திட்டி எழுது. உனக்குத் திட்ட வராது என்று தெரியும். முயற்சி செய்.

தங்கை


ஆகஸ்ட் 31

தங்கைக்கு,

உன் கடிதம் 26ஆம் தேதி வந்தது. அன்றும் மறுநாளும் நான் பதில் எழுதவில்லை. மறந்து அல்ல. எனக்குக் கோபம் வந்திருந்தது. வந்தது கோபம்தானா என்று நிச்சயப்படுத்திக்கொள்ளவே எனக்கு ஒரு நாள் ஆனது. கோபம்தான்.

திட்டச் சொன்னாய். உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். அதைக் கிழிக்கவில்லை, மேசை அறையில் இருக்கிறது. நீ வரும்போது நேரில் படித்துக் காட்டுவேன். பதினோரு வருடம், நான் பார்த்ததை நான் பார்க்கவில்லை என்று நம்பிக்கொண்டு இருந்திருக்கிறேன். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று வாசல்வரை போய்த் திரும்பி வந்து பார்ப்பேன். மருந்து சாப்பிட்டேனா என்று உன் அண்ணியைக் கேட்பேன். இதெல்லாம் வயது என்று நினைத்திருந்தேன். பாதி நீ. அந்தப் பாதியை நீ வைத்துக்கொள். மீதி வயதுதான்.

அந்தக் கடிதத்தை உன் அண்ணியிடம் கொடுத்தேன். முழுவதும் படித்துவிட்டு மடித்து வைத்தாள். “உங்க தங்கச்சிக்கு நல்லா வேணும்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “பாவம், கோட்டை ஆணியில மாட்டுனப்ப எப்படி இருந்திருக்கும்” என்றாள். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

28ஆம் தேதி காலை மறுபடி கழற்றினேன். மூன்றாவது கேஸ்கெட்டை வெட்டினேன். இந்த முறை அட்டை இல்லை. பார்த்துப் பார்த்துப் போட்டேன். ஐந்தாம் எண் போல்ட் கையாலேயே பதினோரு சுற்று போய், பிறகுதான் ஸ்பேனரைக் கேட்டது. பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்குகிறது. தண்ணீர் ஊற்றி, தாள் விரித்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். தாள் காய்ந்தபடியே இருந்தது. அந்தத் தாளைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன் என்றால் சிரிப்பாய். சிரி.

தண்ணீரை வடித்துவிட்டு கூலண்ட் நிரப்பினேன். புது பேட்டரி, புது பெட்ரோல். முதல் திருப்பலில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் ஒரு தும்மல். மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. உன் அண்ணி காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். நான் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துக் காற்றுக் குமிழிகள் அடங்கும்வரை நிரப்பினேன். பிறகு மூடினேன். பிறகு கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தேன். உட்காரும்போது யோசிக்கவில்லை என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

“நானும் வரேன்” என்று உன் அண்ணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “எதுக்கு?” என்றேன். “ஊசியைப் பார்க்க ஒரு ஆள் வேணாமா?” என்றாள். ஏரிக்கரை வரை போய் வந்தோம். ஊசி நடுவில் ஏறி நின்றது. இருவரும் பார்த்தோம். கட்டாயம் நின்றது.

இனி 30ஆம் தேதி நடந்தது. அவர் சொன்ன நேரத்துக்கு இழுவை வண்டியோடு வந்தார். சிவப்பி கொட்டகைக்கு வெளியே, இஞ்சின் ஓடிக்கொண்டு நின்றது.

“ஓடாதுன்னாங்களே?” என்றார்.

“ஓடுது.”

“அப்ப பேச்சை முதல்லேர்ந்து பேசணுமே, ஐயா.”

“பேச வேணாம். குடுக்கல.”

“ஓனர் அம்மா ஒத்துக்கிட்டாங்களே? நீங்க யாரு?”

“அவங்க தங்கச்சி. நான் அண்ணன்.”

அவர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், இழுவை வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த உன் அண்ணி, “யாருங்க இப்ப பேசுனது?” என்றாள். உன்னைக் கேட்காமல் செய்தது தவறு என்றால் தவறுதான். திருத்தப் போவதில்லை.

அந்தக் குட்டை போல்ட்டைத் தூக்கிப் போடவில்லை. ஐந்தாம் எண் என்று சீட்டு ஒட்டி ஒரு சிறிய டப்பாவில் வைத்திருக்கிறேன். உன் கோட்டில் இருந்தது வண்டிக்கு வந்துவிட்டது. வண்டியில் இருந்தது உனக்கு.

மலைப்பாதை இப்போது திறந்துதான் இருக்கிறது. விசாரித்துவிட்டேன். அன்று எட்டில் நின்றோம். இன்னும் ஆறு வளைவு பாக்கி. நீ எந்த ரயிலில் வருகிறாய் என்று எழுது. நிலையத்துக்கு வண்டியோடு வந்துவிடுவேன், அங்கிருந்து நேரே போகலாம். ஓட்டப் போவது நான். பக்கத்தில் உட்கார்ந்து ஊசியைப் பார்ப்பது உன் வேலை.

அண்ணன்